தம்பி "வாழ்ந்து என்ன ஆகப்போகுது"ங்கிறான், ஒரு லட்சியம் இருந்தா சரியாயிடுமா?

அக்கா, நீங்க எழுதினது நீளமா இருந்துச்சு, படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும்னு சுருக்கிடுறேன். கோலாலம்பூர் செந்தூல்ல இருக்கீங்க, தம்பிக்கு 27 வயசு, ஃபேக்டரி வேலை போயி இப்போ மோட்டோல சாப்பாடு டெலிவரி ஓட்டுறான், கட்டிக்கப் போறதா இருந்த பொண்ணும் விலகிடுச்சு, கொஞ்ச நாளா ராத்திரி தூங்காம ஹால்லயே உக்காந்திருக்கான், கேட்டா "வாழ்ந்து என்ன ஆகப்போகுது"ங்கிறான். அம்மா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போலாங்கிறாங்க. மாமா "வாழ்க்கையில ஒரு லட்சியம் இருக்கிறவனுக்கு இந்த நெனப்பெல்லாம் வராது, அவனுக்கு ஒரு பிடிப்ப உண்டாக்குங்க"ங்கிறார். மாமா சொல்றது சரியான்னு கேட்டிருக்கீங்க.

பாதி சரி அக்கா. அந்தப் பாதியையும் இப்போ அவன்கிட்ட சொல்ற நேரம் கிடையாது. நான் பட்டர்வொர்த் பக்கம் கவுன்சலரா வேலை செய்றேன், இதே கேள்வி வேற வேற வீட்டுலேருந்து வந்துட்டேதான் இருக்கு, அதனால விரிவாவே எழுதுறேன். முழுசா அப்புறம் படிங்க, அடுத்த ரெண்டு பாராவை மட்டும் இப்பவே படிச்சிடுங்க.

இன்னைக்கு ராத்திரி அவன்கிட்ட நேரடியாவே கேளுங்க. "செத்துடலாம்னு தோணுதாடா?"ன்னு, இதே வார்த்தையில. "தப்பான முடிவு எதுவும் எடுத்துடாதடா"ன்னு சுத்தி வளைச்சா "ச்சே இல்லக்கா"ன்னு சொல்லிட்டு ரூமுக்குள்ள போயிடுவான், நமக்கு என்ன பதில் வேணும்னு நம்ம பேச்சுலயே தெரிஞ்சிடுதுல்ல. கேட்டா இல்லாத நெனப்ப நாமளே கெளப்பி விட்ட மாதிரி ஆயிடுமோன்னு எல்லாருக்கும் பயம். இத அமெரிக்காவுல 2005ல 2,000 பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு மேல வச்சுப் பார்த்துட்டாங்க, கேட்டதால யாருக்கும் எண்ணம் கூடல, ஏற்கனவே மனசு ஒடஞ்சிருந்த பிள்ளைங்க கேட்டப்புறம் கொஞ்சம் லேசாத்தான் இருந்தாங்க. அதுக்கப்புறம் வந்த ஆராய்ச்சியும் அதையேதான் சொல்லுது.

"ஆமா"ன்னு சொன்னா திட்டாதீங்க, சத்தியம் வாங்காதீங்க. உங்களுக்கு அழுகை வந்தா அழுங்க, தப்பில்ல. எப்படி எப்போன்னு ஏதாவது யோசிச்சு வச்சிருக்கானான்னும் கேட்டுடுங்க. வச்சிருந்தா தனியா விடாதீங்க, ஆபத்தான பொருள் எதுவும் கைக்கு எட்டாம எடுத்துடுங்க, 999க்கு அடிங்க, இல்லன்னா காடியில ஏத்திட்டு நேரா கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போயிடுங்க. அந்த அளவுக்கு இல்ல, ஆனா பேச ஆள் வேணும்னா கே.எல். பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பாங்க, 1970லேருந்து இருக்காங்க. சுகாதார அமைச்சோட ஹீல் லைன் 15555, தாலியான் காசேன்னு இன்னொரு அரசாங்க உதவி லைன் 15999. அவன்தான் பேசணும்னு இல்ல, நீங்களும் அடிச்சு "என் தம்பி இப்படி இருக்கான், நான் என்ன செய்யட்டும்"னு கேக்கலாம்.

இப்போ மாமா விஷயம். லட்சியம் இல்லாததாலதான் சாகத் தோணுதுன்னு அவர் நெனக்கிறார். நான் பார்த்த வரைக்கும் ஆரம்பம் அங்க இல்ல, வலியில இருக்கு. எட்வின் ஷ்னைட்மன்னு ஒரு அமெரிக்க உளவியலாளர், லாஸ் ஏஞ்சலிஸ்ல 1958ல தற்கொலைத் தடுப்பு மையம் ஆரம்பிச்ச மூணு பேர்ல ஒருத்தர். 1949ல பிணப் பரிசோதனை ஆபீஸ்ல பழைய ஃபைலுங்களப் பார்க்கப் போனவரு, இறந்தவங்க எழுதி வச்ச நூத்துக்கணக்கான கடிதங்கள அங்க பார்த்தார், அதோட வாழ்நாள் முழுக்க இதே வேலைதான். கடைசியா 1993ல அவர் சொன்னது என்னன்னா, தற்கொலைக்குப் பின்னாடி இருக்கிறது தாங்க முடியாத மனவலி, டிப்ரெஷன், கடன், காதல் தோல்வி எல்லாமே அந்த வலியை உண்டாக்குற அளவுக்குத்தான் ஆபத்து. சாகணும்னு வர்றவங்கள்ல ரொம்பப் பேருக்கு சாவு மேல ஆசை கிடையாது, இந்த வலி நிக்கணும், அவ்வளவுதான், வேற வழி கண்ணுக்குத் தெரியல. பிற்பாடு கனடாவுல ரொனால்ட் ஹோல்டன்னு ஒருத்தர் இந்த மனவலியை அளக்க ஒரு கேள்வித்தாள் செஞ்சார், அதுல டிப்ரெஷன் மார்க்க விட வலியோட மார்க்குதான் தற்கொலை எண்ணத்தோட நெருக்கமா ஒட்டிப் போச்சு.

மனசு வலிங்கிறது சும்மா பேச்சுக்குச் சொல்றதான்னு கேப்பாங்க. 2003ல நவோமி ஐசன்பெர்கர்னு ஒருத்தங்க ஆளுங்கள ஸ்கேன் மெஷின்ல படுக்க வச்சு கம்ப்யூட்டர்ல பந்து தூக்கிப் போடுற கேம் ஒண்ணு விளையாட விட்டாங்க, கொஞ்ச நேரத்துல மத்த ரெண்டு பேரும் இவங்களுக்குப் பந்து போடாம அவங்களுக்குள்ளயே போட்டுக்கிட்டாங்க, அவ்வளவுதான் நடந்துச்சு. அதுக்கே உடம்பு வலியோட சம்பந்தப்பட்ட மூளைப் பகுதி ஒண்ணு வேலை செஞ்சது. கேவலம் ஒரு கேமுக்கே இப்படின்னா, கல்யாணம் வரைக்கும் போன பொண்ணு ஒரு வாட்சாப் மெசேஜ்ல முடிச்சிட்டுப் போனா உள்ள என்ன நடக்கும்னு மாமாவ யோசிக்கச் சொல்லுங்க.

வலி கூடக்கூட யோசனை குறுகிடும். ரெண்டே வழிதான் இருக்கு, ஒண்ணு எல்லாம் பழையபடி ஆகணும், இல்லன்னா சாவு, நடுவுல ஒண்ணுமே தெரியாது. ஷ்னைட்மன்கிட்ட ஒரு காலேஜ் பொண்ணு வந்துச்சு, கல்யாணம் ஆகல, கர்ப்பமாயிடுச்சு, செத்துடுறதுதான் ஒரே வழின்னு உறுதியா இருந்துச்சு. அவர் அட்வைஸ் பண்ணல. ஒரு பேப்பர எடுத்து என்னென்ன செய்யலாம்னு லிஸ்ட் போட ஆரம்பிச்சார், கலைக்கலாம், ஊரை விட்டுப் போய்ப் பெத்துக்கலாம், தத்துக் குடுக்கலாம், பெத்தவங்ககிட்ட சொல்லலாம்னு. ஒவ்வொண்ணுக்கும் அந்தப் பொண்ணு "அது முடியாது"ன்னுச்சு, இவர் "சரி, இருக்கட்டும்"னு எழுதிட்டே போனார், லிஸ்ட்ல சாவையும் சேர்த்துத்தான் எழுதினார். அப்புறம் எது கொஞ்சம் பரவால்ல, எது ரொம்ப மோசம்னு நம்பர் போடச் சொன்னார், போட்டு முடிக்கிறப்போ சாவு முதல் ரெண்டு இடத்துலயும் இல்ல. அந்தப் பொண்ணு சந்தோஷமாயிடல, பிரச்சினை ஒண்ணும் தீரல, மூணாவதா நாலாவதா வழி இருக்குன்னு தெரிஞ்சுச்சு, அன்னைக்கு அது போதும். உங்க தம்பியோட டெலிவரி மோட்டோ தவணை, ஃபேக்டரி குடுக்க வேண்டிய பாக்கி, இதையெல்லாம் ஒரு ராத்திரி உக்காந்து அவனோட பேப்பர்ல எழுதினீங்கன்னா அது எந்த லட்சியப் பேச்சையும் விட நல்லது.

சரி, அர்த்தத்துக்கு வர்றேன். இதப் பத்திப் பேசினா விக்டர் ஃபிராங்க்ல் பேர் வந்தே தீரும், வியன்னாக்காரர், நாஜி முகாம்ல இருந்து உயிரோட வந்தவர், அம்மா அப்பா அண்ணன்தம்பி மனைவின்னு ரொம்பப் பேர அங்க பறிகொடுத்தவர். முகாமுக்கு ரொம்ப முன்னாடியே, 1920கள் கடைசியில, வியன்னாவுல இளவட்டங்களுக்கு இலவச ஆலோசனை மையங்கள் நடத்தினார், ஸ்கூல்ல ரிப்போர்ட் கார்டு குடுக்குற சமயத்துல தனியா கவனிச்சார், ஏன்னா அந்த வாரம்தான் பிள்ளைங்க சாவு அதிகம். நம்ம ஊர்ல ஃபார்ம் 5 முடிக்கிறப்போ எழுதுற எஸ்.பி.எம். பரீட்சை ரிசல்ட் வர்ற நாளை நெனச்சுக்குங்க. அவர் சொன்னத நம்ம ஆளுங்க அரைகுறையா எடுத்துக்கிட்டு "கஷ்டம்தான் மனுஷன செதுக்கும்"னு போட்டோ மேல எழுதி காலையில குரூப்ல அனுப்புறாங்க. அவர் அப்படிச் சொல்லவே இல்ல. தவிர்க்க முடியாத துன்பத்துலயும் ஒருத்தன் அர்த்தம் கண்டுபிடிக்க முடியும்னார், தவிர்க்க முடிஞ்ச துன்பத்தை மொதல்ல போக்கணும்னும் சேர்த்துத்தான் சொன்னார், சும்மா கஷ்டப்படுறதுல வீரம் ஒண்ணுமில்லன்னு. தூக்கமில்லாம இருக்கிறது தவிர்க்க முடிஞ்ச துன்பம். ஆ லோங்கிட்ட, அதாவது லைசன்ஸ் இல்லாத வட்டிக்காரன்கிட்ட வாங்கின கடனும் அப்படித்தான், இருந்தா.

அர்த்தம் காப்பாத்துமான்னா, காப்பாத்துது. என் வாழ்க்கைக்கு ஒரு அர்த்தம் இருக்குன்னு உணர்றவங்களுக்கு தற்கொலை எண்ணம் குறைவுன்னு திரும்பத் திரும்ப ஆராய்ச்சியில வருது. ஆனா கவனிங்க, மைக்கேல் ஸ்டீகர் 2006ல கொண்டுவந்த கேள்வித்தாள்ல அர்த்தம் இருக்கிறது ஒரு கணக்கு, அர்த்தத்தைத் தேடிட்டிருக்கிறது தனிக் கணக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஹால்ல உக்காந்து "எதுக்குத்தான் பொறந்தோம்"னு யோசிக்கிறவன் தேடிட்டிருக்கான், இன்னும் கைக்கு வரல. அவன்கிட்ட போய் மாமா "உன் லட்சியம் என்ன?"ன்னு கேட்டா ஏற்கனவே பதில் இல்லாத கேள்விய இன்னொரு வாட்டி கேட்ட மாதிரிதான், "அதுவும் எங்கிட்ட இல்ல"ன்னு இன்னொரு தோல்வியா கணக்குல சேர்த்துக்குவான்.

இதுல நம்ம ஜனங்களுக்குன்னு ஒரு சிக்கல் இருக்கு, அதச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டுறேன். நம்ம வீடுகள்ல ஒருத்தனோட அர்த்தம் பெரும்பாலும் ஒரே ஆணியிலதான் மாட்டியிருக்கும், "நான் குடும்பத்துக்குப் பயன்படுறேன்". மூத்த பையன்னா சம்பாதிக்கணும், தங்கச்சியக் கட்டிக் குடுக்கணும், அப்பா ஆஸ்பத்திரி செலவு பார்க்கணும். தோட்டத்த விட்டு டவுனுக்கு வந்த தலைமுறை இப்படி நின்னுதான் மேல வந்துச்சு, அதக் குறைச்சுப் பேச மாட்டேன். பிரச்சினை என்னன்னா வேலை போச்சுன்னா, இல்ல உடம்பு படுத்துடுச்சுன்னா, அந்த அர்த்தம் சும்மா காணாமப் போறதில்ல, அப்படியே தலைகீழா திரும்பிடும். "நான் இவங்களுக்காக இருக்கேன்"கிறது "நான் இவங்களுக்குப் பாரமா இருக்கேன்"னு ஆயிடும். தாமஸ் ஜாய்னர்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் 2005ல எழுதினதுல ரொம்ப ஆபத்தான ரெண்டு நெனப்பு எதுன்னா, ஒண்ணு எனக்குன்னு யாரும் இல்ல, இன்னொண்ணு நான் இருக்கிறத விட இல்லாம இருக்கிறதுதான் இவங்களுக்கு நல்லது. ரெண்டாவதுதான் நம்ம வீட்டுல அதிகம் ஒளிஞ்சிருக்கு. பொறுப்பானவனா பார்த்து வரும் அது, அதனாலதான் வெளிய தெரியாது. மலேசியாவுல 2007லேருந்து கொஞ்ச வருஷம் தேசியத் தற்கொலைப் பதிவேடு வச்சிருந்தாங்க, ஜனத்தொகைக்கு ஏத்த மாதிரி பார்த்தா அதுல இந்தியர்கள்தான் அதிகம். குடி, கடன், வறுமைன்னு காரணம் அடுக்குவாங்க, அதெல்லாம் உண்மைதான், ஆனா இந்தப் பாரம்கிற நெனப்ப யாரும் பேசுறதில்ல.

ஒருத்தரப் பத்திச் சொல்றேன், அடையாளம் தெரியாம மாத்தித்தான் சொல்றேன். பிறை பக்கம் லோரி ஓட்டினவர், அம்பதைத் தாண்டினவர், முதுகு போயி வீட்டுல உக்காந்துட்டார். மருந்து செலவு, பெட்ரோல் செலவு எல்லாம் மக கையிலேருந்து போச்சு. எங்கிட்ட வந்து உக்காந்தவரு மொதல்ல சொன்னது "நான் இல்லன்னா அந்தப் பிள்ளைக்கு ஒரு செலவு குறையும் சார்". அழல, கோபப்படல, கணக்குப் பார்க்கிற குரல்லயே சொன்னார். "நீங்க குடும்பத்துக்கு முக்கியம்"னு நான் சொல்லியிருந்தா தலையாட்டிட்டுப் போயிருப்பார். எங்க வலிக்குதுன்னு கேட்டேன், முதுகத் தொட்டுக் காட்டினார், வேற எங்கன்னு கேட்டேன். ரொம்ப நேரம் கழிச்சு, மக காசை மேசையில வச்சிட்டுப் போறப்போ மூஞ்சியப் பார்க்க முடியலன்னார். அதுதான் வலி. மக கிட்ட கேட்டா அது காசைக் கையில குடுத்தா அப்பாவுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான் மேசையில வச்சிருக்கு.

அவருக்கு என்ன உதவுச்சுன்னா பல விஷயம். பெரிய ஆஸ்பத்திரியில மனநல டாக்டர் மருந்து குடுத்தார், தூக்கம் வந்துச்சு, தூக்கம் வந்தப்புறம்தான் பேச்சே வந்துச்சு. சொக்சோ பணம், அதான் தொழிலாளிங்களுக்கான அரசாங்கக் காப்புறுதி, இழுத்தடிச்சு ஒரு வழியா வந்துச்சு. அப்புறம் கோயில் உறுமி மேளப் பசங்க, இவர் இள வயசுல வாசிச்சவர்னு எப்படியோ தெரிஞ்சு, தோலை இழுத்துக் கட்டத் தெரியலன்னு உறுமிய வீட்டுக்கே கொண்டாந்துட்டாங்க. ஸ்டூல்ல உக்காந்து கயிற இறுக்கிட்டு குச்சிய வச்சு ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார், சரியில்லன்னா திருப்பி அவிழ்ப்பார், பசங்களத் திட்டுவார். உறுமிதான் அவரக் காப்பாத்துச்சுன்னு கதை கட்ட மாட்டேன், மருந்தும் சொக்சோவும் இல்லாம உறுமியத் தொட்டிருக்கவே மாட்டார். ஆனா சம்பாத்தியத்தோட சம்பந்தமே இல்லாத ஒரு இடத்துல அவர் பேரச் சொல்லிக் கூப்பிட ஆள் இருந்துச்சு.

இதுக்கு ஆராய்ச்சியிலயும் ஒரு இடம் இருக்கு. டேவிட் க்ளான்ஸ்கியும் அலெக்சிஸ் மேயும் 2015ல சொன்னது, வலியும் இருந்து, இது மாறும்கிற நம்பிக்கையும் போச்சுன்னா சாகத் தோணும். அந்த எண்ணம் பலமாகுமாங்கிறது பிணைப்பப் பொறுத்தது, வலி பிணைப்ப விடப் பெரிசாச்சுன்னா ஆபத்து. பிணைப்புன்னு அவங்க சொல்றதுல மனுஷங்க மட்டும் இல்ல, ஒரு வேலை, ஒரு பொறுப்பு, ஒரு ஈடுபாடு, உயிரோட கட்டி வைக்கிற எதுவும் அதுல சேரும். மாமா சொல்ற பிடிப்பு இதுதான், அதனாலதான் பாதி சரின்னேன். அவருக்குப் பிடிபடாதது, அது பெரிசா இருக்கணும்னு இல்ல, அவர் தேர்ந்தெடுத்துக் குடுக்கவும் முடியாது. "கல்யாணம் பண்ணி வச்சா பொறுப்பு வந்துடும்"னு அடுத்து சொல்லுவார் பாருங்க, தயவு செஞ்சு வேணாம், வலியில இருக்கிறவன் தலையில இன்னொரு பொண்ணோட வாழ்க்கையையும் தூக்கி வைக்காதீங்க.

நீங்க என்ன செய்யலாம்? தொடர்புல இருங்க, பதில் எதிர்பார்க்காம. சான் ஃபிரான்சிஸ்கோவுல ஜெரோம் மோட்டோன்னு ஒரு டாக்டர், ஆஸ்பத்திரியிலேருந்து வெளிய வந்து மேற்கொண்டு சிகிச்சை வேணாம்னு போயிட்ட 843 பேர ரெண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் அப்பப்போ சின்னக் கடுதாசி அனுப்பினார், நல்லா இருப்பீங்கன்னு நெனக்கிறோம், எழுதணும்னு தோணுனா எழுதுங்க, அவ்வளவுதான், அஞ்சு வருஷத்துல 24 கடுதாசி. மருந்து சாப்பிட்டீங்களா, ஏன் வரலன்னு எதுவும் கேக்கல. கடுதாசி போன பிரிவுல சாவு குறைஞ்சுச்சு, அதுவும் முதல் ரெண்டு வருஷம் நல்லாவே தெரிஞ்சுச்சு. நீங்க டெலிவரி நேரத்துல "பசியாறிட்டியாடா"ன்னு ஒரு மெசேஜ் போடுங்க. நீல டிக் விழுந்து பதில் வரலன்னாலும் மறுநாள் போடுங்க, "ஏன் ரிப்ளை பண்ணல"ன்னு மட்டும் கேக்காதீங்க. வீட்டுல அவனால முடியிற சின்ன வேலை எதுக்காவது உண்மையிலயே அவன் தேவைப்பட்டா கேளுங்க, பாவம் பார்த்து உண்டாக்கின வேலைன்னா உடனே கண்டுபிடிச்சிடுவான்.

டாக்டர்கிட்ட போறதுக்கு அம்மா பயப்படுறாங்கன்னு எழுதியிருந்தீங்க. "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்க"ங்கிற பயம்தானே, அங்க இருக்கிற மனநல ஆஸ்பத்திரி 1911ல வந்தது, அது பேரச் சொல்லி நாலு தலைமுறையா நம்மளப் பயமுறுத்தி வச்சிருக்காங்க. இப்போ பெரும்பாலானவங்க பக்கத்து அரசாங்க கிளினிக்ல 1 வெள்ளி கட்டி நம்பர் எடுத்து டாக்டரப் பார்த்துட்டு வீட்டுக்கு வந்துடுறாங்க, தேவைப்பட்டா பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் குடுப்பாங்க. மெந்தாரின்னு அமைச்சோட மனநல மையங்களும் ஊருக்குள்ளயே இருக்கு. தனியா கவுன்சலரப் பார்க்கிறதா இருந்தா பதிவு பெற்றவரான்னு கேட்டுக்குங்க, 1998லேருந்து அதுக்குச் சட்டம் இருக்கு, ஃபேஸ்புக்ல "லைஃப் கோச்"னு போட்டிருக்கிறவங்க எல்லாம் அதுல வர மாட்டாங்க. இன்னொரு பயம் போலீஸ். முன்னாடி குற்றவியல் சட்டம் 309ஆவது பிரிவுப்படி தற்கொலை முயற்சி பண்ணினவங்களுக்கு ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் போட முடியும், அதனால வீட்டுல மூடி மறைச்சாங்க. 2023ல அத எடுத்துட்டாங்க, இப்போ அது குத்தம் கிடையாது, எமர்ஜென்சியில மறைக்காம உண்மையச் சொல்லுங்க.

முயற்சி செஞ்சு பொழச்சவங்கள்ல பத்துக்கு ஒம்போது பேர் பிற்பாடு தற்கொலையால சாகுறதில்ல, இது பல நாட்டு ஆய்வுகளச் சேர்த்துப் பார்த்த கணக்கு. உங்க தம்பி அந்த அளவுக்குப் போகல, ஆனாலும் இத அம்மாகிட்ட சொல்லுங்க, இந்த வலி குறையும், குறையிற வரைக்கும் ஆள் பக்கத்துல இருக்கணும்.

ரகசியமா வச்சுக்கன்னு அவன் கேட்டா, சாகுற விஷயத்துல ரகசியம் காக்க முடியாதுன்னு அவன் மூஞ்சிக்கு நேராவே சொல்லிடுங்க, மத்தத எல்லாம் உங்களோட வச்சுக்குங்க, அந்தப் பொண்ணு அனுப்பின மெசேஜ் உட்பட. மாமாகிட்ட நீங்க பேசிக்குங்க, அவனப் பேச விடாதீங்க. அம்மாவுக்குக் கோயில் வேணும்னா போகட்டும், அவனும் வர்றேன்னா கூட்டிட்டுப் போங்க, நான் எதுக்குத் தடுக்கிறேன், மனசு லேசாகுற இடம் எதுவா இருந்தாலும் நல்லதுதான். கிளினிக் அப்பாயின்மெண்ட் இருக்கிற நாள்ல மட்டும் வேணாம், கோயில்ல நேரமாயிடுச்சு அடுத்த வாரம் பார்த்துக்கலாம்னு ஆயிடும்.